குண்டு ஏன் இடப்பக்கம் கீழே இறங்குகிறது?

வாசகர் கேள்வி – பதில்: பிஸ்டல் சுடும் பயிற்சி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து பிஸ்டல் சுடுதல் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பெரும்பாலானவை 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: ஆறு மாதமாக ஏர் பிஸ்டல் பழகுகிறேன். வலக்கைக்காரன். பெல்லட் எல்லாம் கறுப்பு வட்டத்தின் இடப்பக்கம் கீழே, கடிகாரத்தில் 7 மணி இருக்கும் இடத்தில் விழுகிறது. சைட்டை (குறிபார்க்கும் பகுதியை) வலப்பக்கமும் மேலேயும் திருப்பி வைத்தேன். இரண்டு நாள் சரியாக இருந்தது. இப்போது சில குண்டுகள் வலப்பக்கம் மேலே போகின்றன. பிஸ்டலில் கோளாறா?
– பிளஸ் டூ மாணவர், அரூர்

பதில்: பிஸ்டலைச் சந்தேகப்படாதீர்கள் தம்பி. டிரிகர் விடும் விதத்தில்தான் சிக்கல். விரல் மட்டும் அசைய வேண்டிய நேரத்தில் உங்கள் உள்ளங்கை முழுவதும் சேர்ந்து இறுகுகிறது, மணிக்கட்டு ஒரு நூல் இறங்குகிறது. வலக்கைக்காரருக்கு அது பெரும்பாலும் 7 மணிப் பக்கம்தான் காட்டும். அந்தத் தவறுக்குத் தகுந்த மாதிரி சைட்டைத் திருப்பிவிட்டீர்கள். இப்போது எந்தக் குண்டைச் சுத்தமாக விடுகிறீர்களோ அது வலப்பக்கம் மேலே போகிறது. அதாவது உங்கள் நல்ல குண்டுகள்தான் தப்பாகத் தெரிகின்றன. முதல் வேலையாக சைட்டைப் பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் பிஸ்டலில் பின் சைட்டுக்கும் முன் சைட்டுக்கும் இடையே 32 செ.மீ. இருப்பதாக வைத்துக்கொள்வோம். பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட் 1 மி.மீ. விலகி நின்றால், 10 மீட்டர் தள்ளி அது சுமார் 31 மி.மீ. விலகலாகிவிடும். நடுவில் உள்ள 10 புள்ளி வட்டத்தின் குறுக்களவே 11.5 மி.மீ.தான், கறுப்பு முழுவதும் 59.5 மி.மீ. ஆக அந்த 1 மி.மீ. உங்களை 7 புள்ளி வட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தும். இரண்டு சைட்டும் நேராக இருந்து, கை மட்டும் மொத்தமாக 5 மி.மீ. ஆடினால், குண்டும் 5 மி.மீ.தான் நகரும். நடுவிலிருந்து 8 மி.மீ. வரை விலகினாலும் 4.5 மி.மீ. பெல்லட்டின் ஓரம் 10-ன் கோட்டைத் தொட்டுவிடும். கை ஆட்டத்தை டார்கெட் மன்னிக்கும், சைட் கோணலை மன்னிக்காது. புதிதாகப் பழகுகிறவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, ஆட்டத்தை நிறுத்தப் பார்க்கிறார்கள். ஆட்டம் ஒரு நொடி நிற்கும்போது 'இதோ, இப்போ' என்று டிரிகரைப் பிடுங்குகிறார்கள். 7 மணிக் குண்டு அங்கேதான் பிறக்கிறது.

டிரிகர் எடை விதிப்படி குறைந்தது 500 கிராம். அதில் முதல் கட்டம் 350, 400 கிராம் வரை இருக்கும்படி வைத்துக்கொள்வது வழக்கம். கை இறங்கி நிலைக்கு வரும்போதே அந்த முதல் கட்டத்தை எடுத்துவிடுங்கள். மிச்சம் இருக்கும் 100, 150 கிராமை நிறுத்தாமல், அவசரமும் படாமல், நேர்பின்னால் ஏற்றிக்கொண்டே போக வேண்டும். விரல் நுனிச் சதையின் நடுப்பகுதி மட்டும் டிரிகரில் படட்டும். விரலின் அடிப்பகுதி கிரிப் (கைப்பிடி) மரத்தில் உரசினால் இழுவை பக்கவாட்டில் போகும். நடுவிரலும் மோதிர விரலும் கிரிப்பை நேராகப் பின்னுக்கு அழுத்த வேண்டும். சுண்டுவிரலும் கட்டைவிரலும் சும்மா படுத்திருந்தால் போதும். சுண்டுவிரல் இறுகினால் குழல் முனை தாழும்.

சோதிக்க இரண்டு வழி. ஒன்று, ரேஞ்சில் உங்கள் கோச்சிடம் சொல்லி, பிஸ்டலை நீங்கள் பார்க்காமல் அவரே தயார் செய்து கொடுக்கட்டும்: சில முறை பெல்லட்டுடன், சில முறை டிரை ஃபயர் (பெல்லட் இல்லாமல் டிரிகரை மட்டும் விடுவது) நிலையில். பெல்லட் இல்லாதபோது முன் சைட் 'டுபுக்' என்று முங்கினால் குற்றவாளி யார் என்று உங்கள் கண்ணுக்கே தெரிந்துவிடும். இரண்டு, டார்கெட் அட்டையைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தில் 20 குண்டு சுடுங்கள். குறி வைக்க ஒன்றுமே இல்லாததால் பிடுங்கத் தோன்றாது. குரூப் (குண்டுகள் விழுந்த கூட்டம்) உருண்டையாக வந்தால் கை, கிரிப் எல்லாம் நலம். வால் இன்னும் 7 மணிக்கு நீண்டால் டிரிகர் வேலை பாக்கி இருக்கிறது. இரண்டு வாரம் பாதிப் பயிற்சியை வெள்ளை அட்டையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு 5 குண்டு குரூப்பின் மையத்தைப் பார்த்து சைட் திருப்பலாம். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின் சைட்டை நகர்த்த வேண்டும். ஒற்றைக் குண்டை நம்பி ஒருபோதும் திருப்பாதீர்கள்.

கேள்வி: முதல் 20 குண்டு 9, 10 என்று போகும். 'இன்றைக்கு 600-க்கு 570 வரும் போலிருக்கே' என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்ததும் 7, 8 ஆகிவிடுகிறது. ஷிஃப்ட் வேலை முடிந்து வந்து பழகுவதால் மனசு ஒருநிலைப்படவில்லையா? தியானம் செய்தால் சரியாகுமா?
– தொழிற்சாலை ஊழியர், ஓசூர்

பதில்: தியானம் நல்லதுதான், செய்யுங்கள். ஆனால் காலையில் கண்மூடி உட்காருவது மட்டும் 21-வது குண்டைக் காப்பாற்றாது.

போட்டியில் எலெக்ட்ரானிக் டார்கெட் என்றால் 60 குண்டுக்கு 75 நிமிடம். அதற்கு முன் தயாராகவும் சோதனைக் குண்டுகளுக்கும் 15 நிமிடம். ஒன்றரை மணி நேரம் மனசைக் கட்டிவைக்க யாராலும் முடியாது, தேவையும் இல்லை. ஒரு குண்டுக்கு உண்மையான கவனம் வேண்டியது 7 நொடி. 60 குண்டுக்கும் சேர்த்து 7 நிமிடம். மீதி நேரம் முழுக்க மனசுக்கு ஓய்வு. அந்த 7 நொடிக்குள் நுழைவதையும், முடிந்ததும் வெளியே வருவதையும் பழகுவதற்குப் பெயர்தான் மனக்குவிப்பு.

நுழைவதற்கு ஒரு மாறாத வரிசை வேண்டும். பெல்லட்டைப் போடுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதையைக் கிரிப்பின் மேல்வளைவில் நன்றாக ஏற்றி உட்காரவையுங்கள். இடது கை பாக்கெட்டிலோ பெல்ட்டிலோ போகட்டும். தலை நிமிரட்டும். மூச்சை இழுத்தபடி பிஸ்டலை டார்கெட்டுக்கு மேலே உயர்த்துங்கள். பாதி மூச்சை விட்டபடி இறக்குங்கள்; இறங்கும்போதே டிரிகரின் முதல் கட்டம். கறுப்புக்குக் கீழே வெள்ளையில் கை நின்றதும் கண்ணை முன் சைட்டுக்கு இழுத்துக்கொள்ளுங்கள். இங்கேதான் மனசுக்கு வேலை கொடுக்க வேண்டும். 'எதையும் நினைக்காதே' என்றால் அது கேட்காது. 'முன் சைட்டின் மேல் விளிம்பைப் பார், இரண்டு பக்க வெளிச்சமும் சமமா என்று பார்' என்றால் கேட்கும். டார்கெட் மங்கலாகத்தான் தெரியும், தெரியட்டும். குண்டு போன பிறகும் 2 நொடி விரலை எடுக்காமல், கையை இறக்காமல் அதே விளிம்பைப் பாருங்கள்.

பிறகு மானிட்டரைப் பார்க்கும் முன், குண்டு எங்கே போயிருக்கும் என்று உங்களுக்குள் சொல்லுங்கள்: '3 மணிப் பக்கம், 9'. சொன்னதும் விழுந்ததும் ஒத்துப்போனால் முன் சைட்டை உண்மையாகவே பார்த்திருக்கிறீர்கள். ஒத்துப்போகவில்லை என்றால் கடைசி நொடியில் கண் டார்கெட்டுக்கு ஓடியிருக்கிறது.

இதைவிட முக்கியமானது, பிஸ்டலை இறக்கிவைப்பது. 8 நொடிக்குள் குண்டு போகவில்லை என்றால் சுடாமல் இறக்குங்கள். அதற்குமேல் கண் புதிதாக எதையும் பார்ப்பதில்லை, முன்பு பார்த்த படத்தையே காட்டிக்கொண்டிருக்கும், தோள் தளரும், அடக்கிய மூச்சு உறுத்தும். 'பரவாயில்லை, விட்டுடு' என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். அந்தக் குரல் கேட்டாலே இறக்கு என்று அர்த்தம். நேரம் போய்விடுமே என்ற பயம் வேண்டாம். குண்டுக்குச் சராசரியாக 75 நொடி இருக்கிறது, ஒரு முறை தூக்கி இறக்க 15 நொடி போதும். பயிற்சியில் ஒவ்வொரு 10 குண்டிலும் இரண்டு முறையாவது வேண்டுமென்றே சுடாமல் இறக்கிப் பழகுங்கள். புதியவர் எவ்வளவு தேறியிருக்கிறார் என்பதை ஸ்கோரைவிட, அவர் எத்தனை முறை இறக்கினார் என்பதை வைத்தே நாங்கள் மதிப்பிடுவோம்.

கணக்குப் போடும் மனசுக்கு: பயிற்சியின்போது மானிட்டரில் மொத்த ஸ்கோர் வரும் மூலையில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிடுங்கள். குண்டுக்கும் குண்டுக்கும் இடையே கண் மேசை மீதோ பெல்லட் டப்பா மீதோ இருக்கட்டும், பக்கத்து லேனுக்குப் போக வேண்டாம். இரவு ஷிஃப்ட் முடித்த காலையில் ஸ்கோருக்காகச் சுடாதீர்கள். அன்று வெள்ளை அட்டை மட்டும்.

டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலையில், மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச்சுற்றின் நடுவே பழுதாகிப் பல நிமிடம் போனது. 575 எடுத்து 12-வது இடம், இறுதிச்சுற்று கைநழுவியது. அதே மனு 2024 பாரிஸில் இதே பிரிவின் இறுதிச்சுற்றில் 221.7 எடுத்து வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் துப்பாக்கிச் சுடுதலில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். போன குண்டையும் போன போட்டியையும் சுமந்துகொண்டு அடுத்த குண்டைச் சுட முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கேள்வி: மகள் சேலத்தில் வார இறுதியில் மட்டும் ரேஞ்சுக்குப் போகிறாள். மற்ற நாளில் வீட்டிலேயே என்ன செய்யலாம்? வீட்டில் சின்னப் பையனும் இருக்கிறான்.
– வாசகி, பாலக்கோடு

பதில்: வீட்டில் பெல்லட் இல்லாமல் டிரை ஃபயர் மட்டும். பெல்லட் டப்பா வேறு அறையில், பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். பிஸ்டலைத் திறந்து காலியாக இருப்பதை மகளும் நீங்களும் தனித்தனியே பாருங்கள். குறி வைப்பது செங்கல் சுவரை நோக்கி. கதவு, ஜன்னல் பக்கம் கூடாது. பயிற்சி நேரத்தில் தம்பி அந்த அறைக்குள் வரக் கூடாது. முடிந்ததும் பிஸ்டல் பெட்டிக்குள், பெட்டி பூட்டுக்குள். இதில் ஒரு நாள்கூட விதிவிலக்கு வேண்டாம்.

3 மீட்டர் இடம் போதும். வெள்ளைத் தாளில் 18 மி.மீ. குறுக்களவுள்ள கறுப்பு வட்டம் வரையுங்கள், 59.5 மி.மீ. கறுப்பு 10 மீட்டரில் தெரிகிற அதே அளவில் தெரியும். ஒட்டும் உயரத்தில்தான் பலர் தவறுகிறார்கள். ரேஞ்சில் டார்கெட் மையம் தரையிலிருந்து 140 செ.மீ. மகளின் கண் உயரத்திலிருந்து 140-ஐக் கழித்து, வருவதில் பத்தில் மூன்று பங்கை மறுபடி கண் உயரத்திலிருந்து கழியுங்கள். கண் உயரம் 150 என்றால் 147 செ.மீ. உயரத்தில் ஒட்ட வேண்டும். 140-லேயே ஒட்டினால் கை தாழ்ந்த கோணத்தில் பழகிவிடும்.

முதலில் நிற்கும் இடம். கண்ணை மூடிக் கையை உயர்த்தி, இயல்பாக நிற்கும் இடத்தில் கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள். சைட் வட்டத்துக்குப் பக்கவாட்டில் இருந்தால் கையால் இழுத்துச் சரிசெய்யக் கூடாது. பின்காலைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி பார்க்க வேண்டும்.

தினம் 25 நிமிடம், வாரம் 4 அல்லது 5 நாள். வட்டமில்லாத வெறும் சுவரில் 15 நொடி தூக்கி நிறுத்தி 30 நொடி ஓய்வு, 8 முறை. பிறகு 30 டிரை ஃபயர். அதில் முதல் 15 வெறும் சுவரில். கை நடுங்க ஆரம்பித்தால் அன்றைக்கு அவ்வளவுதான். களைத்த கையோடு தொடர்ந்தால் பிடுங்குவதைத்தான் தசை கற்றுக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை: ஸ்பிரிங்கில் இயங்கும் பிஸ்டலை பெல்லட் இல்லாமல் விடுவிக்கக் கூடாது. தடுக்க எதுவும் இல்லாமல் பிஸ்டன் முன்னால் போய் மோதும், சீல் கெட்டுவிடும். டிரை ஃபயர் வசதி உள்ள பிஸ்டல் கையில் இல்லையென்றால், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி நிறுத்திப் பழகட்டும். ஏர் பிஸ்டலின் எடையும் ஏறக்குறைய ஒரு கிலோதான்.

கேள்வி: போட்டியன்று கை நடுங்குகிறது. தெரிந்தவர் ஒருவர் படபடப்புக்கு ப்ரோப்ரனோலால் என்ற மாத்திரையைச் சொல்கிறார். போடலாமா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: போடவே கூடாது. நீங்கள் குறிப்பிட்டிருக்கும் ப்ரோப்ரனோலால், பீட்டா பிளாக்கர் வகையைச் சேர்ந்தது. இதயத் துடிப்பைக் குறைத்து நடுக்கத்தை அடக்கும் என்பதாலேயே துப்பாக்கிச் சுடுதலில் அதற்குத் தடை. போட்டி நாளில் மட்டுமல்ல, எல்லா நாளும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜோங்-சு 50 மீட்டர் பிஸ்டலில் வெள்ளியும் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலமும் வென்றார். இந்த மருந்து பரிசோதனையில் தெரிந்ததும் இரண்டையும் பறிகொடுத்தார். ரத்த அழுத்தத்துக்காக மருத்துவரே எழுதிக்கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அவரிடம் நீங்கள் சுடுதல் வீரர் என்று சொல்லி, மாற்று மருந்து பற்றியும், சிகிச்சைக்கான முன் அனுமதி பற்றியும் கேளுங்கள்.

நடுக்கத்தைக் குறைக்கும் சாதாரண வழிகள் இருக்கின்றன. வழக்கமாகக் குடிக்கும் டீயை அன்று கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். சாப்பாடு இரண்டு மணி நேரம் முன்பே முடியட்டும். வயிறு நிறையக் களி சாப்பிட்டுவிட்டு உடனே லேனில் நின்றால் மூச்சு சிரமப்படும், வெறும் வயிறானாலும் கை நடுங்கும். இழுக்கும் மூச்சைவிட விடும் மூச்சு நீளமாக இருக்கும்படி நான்கைந்து மூச்சு. மிச்ச நடுக்கம் இருந்துவிட்டுப் போகட்டும். அரூர் தம்பிக்குச் சொன்ன கணக்கைப் பாருங்கள்: சைட் நேராக இருந்தால் அந்த நடுக்கத்தோடும் 9, 10 வரும்.

கேள்வி: வயது 48. முன் சைட் மங்கலாகத் தெரிகிறது. படிக்கும் கண்ணாடி போட்டால் டார்கெட்டே மறைந்துவிடுகிறது.
– வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: படிக்கும் கண்ணாடி 40 செ.மீ. தூரத்துக்கானது. முன் சைட் உங்கள் கண்ணிலிருந்து சுமார் ஒரு மீட்டரில் இருக்கிறது. கண் பரிசோதகரிடம் 'ஒரு மீட்டரில் உள்ள விளிம்பு கூர்மையாகத் தெரிய வேண்டும்' என்று சொல்லுங்கள். குறிபார்க்கும் கண்ணுக்கு மட்டும், தூரப் பார்வை பவரோடு +0.50 அல்லது +0.75 கூட்டினால் பெரும்பாலும் சரியாகும். கையை நீட்டி ஒரு பேனாவைப் பிடித்து அங்கேயே சோதித்துவிட்டு வாங்குங்கள். இன்னொரு கண்ணை இடுக்க வேண்டாம். இடுக்கினால் இரண்டு கண்ணும் களைக்கும். 30 மி.மீ. அகலம் வரை ஒரு மறைப்பை அந்தக் கண்ணுக்கு முன்னால் தொங்கவிட விதி அனுமதிக்கிறது.

கேள்வி: ஓடிக்கொண்டே பல டார்கெட்டுகளைச் சுடும் 'பிராக்டிகல் பிஸ்டல்' என்கிறார்களே, அது என்ன? இங்கே பழக முடியுமா?
– ஓய்வுபெற்ற காவலர், தருமபுரி

பதில்: 1976-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் கொலம்பியாவில் தொடங்கிய சர்வதேச அமைப்பின் விளையாட்டு அது. இரண்டு கையாலும் பிடித்து, நகர்ந்தபடி, நேரத்தோடு போட்டி போட்டுச் சுட வேண்டும். அட்டையில் ஏ, சி, டி என மூன்று பகுதிகள். 9 மி.மீ. போன்ற குறைந்த விசைக் குண்டுக்கு ஏ 5 புள்ளி, சி 3, டி 1. தவறவிட்டால் 10 புள்ளி கழியும். மொத்தப் புள்ளியை எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுப்பார்கள். 60 புள்ளியை 12 நொடியில் எடுத்தவருக்கு 5.0, 54 புள்ளியை 10 நொடியில் எடுத்தவருக்கு 5.4. வேகம் ஜெயிப்பது போலத் தோன்றும். அந்த 54-ல் ஒரே ஒரு குண்டு அட்டைக்கு வெளியே போனால் 5 புள்ளி கிடைக்காமல் 10 கழிந்து 39 ஆகி, 3.9-க்கு இறங்கிவிடும். நகரும்போது விரல் டிரிகர் வளையத்துக்குள் இருந்தாலோ, குழல் முனை அனுமதித்த கோணத்தைத் தாண்டினாலோ போட்டியிலிருந்தே வெளியேற்றம்.

நம் நாட்டில் 9 மி.மீ. தடைசெய்யப்பட்ட துளை வகையில் வருவதால், இதை அப்படியே பழகுவது பொதுமக்களுக்கு எளிதல்ல. ஏர் பிஸ்டலில் தொடங்குங்கள். சைட்டைப் பார்ப்பதும் டிரிகரை விடுவதும் இரண்டுக்கும் ஒன்றுதான். நின்று சுடும்போதே பிடுங்குகிறவர், நகர்ந்து சுடும்போது இன்னும் பிடுங்குவார்.

கேள்வி: ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் வேண்டுமா?
– வாசகர், பர்கூர்

பதில்: 2016 ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ. துளையும் 20 ஜூலுக்கு மேற்படாத விசையும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. பில்லும் அடையாள அட்டையும் எப்போதும் பெட்டியிலேயே இருக்கட்டும். பஸ்ஸிலோ பைக்கிலோ போகும்போது மூடிய பெட்டியில்தான் எடுத்துச் செல்ல வேண்டும், வெளியே எடுத்துக் காட்டக் கூடாது. .22 பிஸ்டலுக்கு ஆயுதச் சட்டப்படி உரிமம் கட்டாயம். வாங்குவதற்கு முன் இரண்டு மூன்று மாதம் கிளப் பிஸ்டலிலேயே பழகுங்கள். உங்கள் கைக்கு எந்த அளவு கிரிப் பொருந்துகிறது என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

கேள்வி: காற்று சிலிண்டரோடு பிஸ்டலைக் காரில் வைத்துவிட்டு வேலைக்குப் போகலாமா? எத்தனை வருடம் சிலிண்டர் வரும்?
– வாசகர், ஊத்தங்கரை

பதில்: மே மாதம் நம் பக்கம் வெயிலில் நிற்கும் காருக்குள் கண்டிப்பாக வேண்டாம். சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று இருக்கிறது. சூடேறினால் அழுத்தமும் ஏறும். அறை வெப்பத்தில் வையுங்கள். குளிர்ந்த அறையில் நிரப்பி, சூடான ரேஞ்சில் சுடப்போகிறீர்கள் என்றால் 200-க்குக் கொஞ்சம் குறைவாகவே நிரப்புங்கள். கைப்பம்பில் அடிக்கிறவர்கள் ஈரம் வடிகட்டும் பகுதியை அடிக்கடி பார்க்க வேண்டும். உள்ளே ஈரம் போனால் காற்றழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் கெட்டு, பெல்லட்டின் வேகம் குண்டுக்குக் குண்டு மாறும். குரூப் திடீரென்று மேலும் கீழுமாக நீள ஆரம்பித்தால் முதலில் அழுத்த மீட்டரையும் ரெகுலேட்டரையும் பாருங்கள்.

சிலிண்டரின் ஆயுள் பெரும்பாலும் தயாரித்த தேதியிலிருந்து 10 வருடம். தேதி சிலிண்டர் மீதே பொறித்திருக்கும். காலாவதியானதைப் போட்டியில் பயன்படுத்த அனுமதியில்லை, வீட்டிலும் நிரப்பாதீர்கள். பழைய பிஸ்டல் வாங்குகிறவர்கள் விலை பேசும் முன் அந்தத் தேதியைப் படித்துவிட்டுப் பேசுங்கள்.